புல்வெளியிற் பதியாத சுவடுகள்: பிரேரி நிலத்தின் நடைப்பயண வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பிரேரி என்றவுடன் புவியியல் பயின்றோர் மனத்தில் முதலில் எழுவது கோதுமை வயலும் அதனை அறுக்கும் பேரியந்திரமுமேயாகும். பாடநூல்கள் தந்த அக்காட்சி பிழையானதன்று. ஆயின் அது நூற்றைம்பது ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட பழைமை மாத்திரமே உடையது. அதற்கு முன்னர் பல்லாயிரம் ஆண்டுகளாக மிசிசிப்பி ஆற்றுக்கும் றொக்கி மலைத்தொடருக்கும் இடைப்பட்ட பெருநிலம், வடக்கே கனடாவின் சஸ்கச்சுவான் முதல் தெற்கே டெக்சாஸ் வரை, புல்லின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அந்நிலத்தை மனிதர் அறிந்தது காலால் நடந்தேயாகும். ஆகவே அங்கு நடந்தோர் யாவர், எதன்பொருட்டு நடந்தனர், நடப்பதற்கு யாருடைய அனுமதி வேண்டப்பட்டது என்னும் வினாக்களை எழுப்பி நோக்குமிடத்து, குடியேற்ற வரலாற்று நூல்கள் பெருமிதத்தோடு கூறும் கதையினின்றும் வேறுபட்ட ஒரு கதை புலப்படுகின்றது.

இந்நிலம் ஒரே தன்மையதன்று. மேற்குத் தீர்க்கரேகை 100 பாகையை அண்டி, ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லிமீற்றர் மழை பெறும் எல்லைக்கோடு ஒன்று வடக்குத் தெற்காகச் செல்கின்றது. அதற்குக் கிழக்கே செல்லச் செல்ல மழை மிகுதி. புல் ஆளுயரத்திற்கு மேலும் வளரும். மேற்கே மழை குன்றப் புல்லும் கணுக்காலளவாகக் குறுகும். உயர்புல் வகைகளின் வேர்கள் 3 மீற்றர் ஆழம்வரை இறங்குவன. கண்ணுக்குத் தெரியும் பிரேரியிலும் மண்ணுக்குள் மறைந்த பிரேரியே பெரிது எனலாம். காட்டுத்தீ மேற்பகுதியை எரித்தாலும் வேர் அழிவதில்லை. எரிந்த இடத்தில் இளம்புல் தளிர்க்க, மேயும் விலங்குகள் அதனை நாடி வரும். இதனை நன்கறிந்த பழங்குடி மக்கள் தாமே புல்லுக்குத் தீயிட்டு மேய்ச்சல் நிலத்தைப் பேணி வந்தனர். எனவே ஐரோப்பியர் இதனை மனிதர் கைபடாத வெற்றுநிலம் என்று எழுதியமை, கண்டதை எழுதியதன்று. காண விரும்பியதை எழுதியதேயாகும்.

பிரேரியைக் குறுக்கறுத்து நடந்தோர் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகள் ஸ்பானியருடையவை. 1540 இல் மெக்சிக்கோவிலிருந்து பொன்னகரங்களைத் தேடிப் புறப்பட்ட பிரான்சிஸ்கோ வாஸ்குவெஸ் தெ கொறோனாடோ, 1541 இல் இன்றைய நியூ மெக்சிக்கோவினின்றும் கிழக்கே டெக்சாஸ் மேட்டுநிலத்துட் புகுந்தார். அப்படையுடன் சென்ற பெட்ரோ தெ கஸ்டஞெடா பிற்காலத்தில் எழுதிய வரலாற்றில் வியப்புக்குரிய செய்தியொன்று காணப்படுகின்றது. ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட மனிதரும், ஆயிரம் குதிரைகளும், ஐந்நூறு மாடுகளும், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆடுகளும் மிதித்துச் சென்ற புல், அவை கடந்தபின் மீண்டும் நிமிர்ந்து நின்றதாம். பின்னே வருவோர் வழி தவறாதிருக்க எலும்புகளையும் காட்டெருதுச் சாணத்தையும் குவித்து அடையாளம் வைக்க வேண்டியதாயிற்று. வேட்டைக்குச் சென்ற வீரர் திசை தெரியாது திரிந்தனர். மாலையானதும் பாளையத்திலிருந்து துப்பாக்கி வெடித்தும், எக்காளம் ஊதியும், முரசறைந்தும், தீ மூட்டியும் அவர்களை அழைக்க நேர்ந்தது. ஒவ்வொரு நாளும் கடந்த தூரத்தை அறிவதற்கு, காலடிகளை எண்ணிக்கொண்டு நடப்பதற்கென்றே ஒருவன் நியமிக்கப்பட்டிருந்தான்.

அதே படைக்கு வழிகாட்டிய தேயா இனத்தவருக்கோ இவ்வளவு ஆரவாரம் தேவைப்படவில்லை. காலையிற் கதிரவன் எழும் திசையை நோக்கியபின், செல்லவேண்டிய திசையில் அம்பொன்றை எய்வர். அந்த அம்பு விழுந்த இடத்தை அடையுமுன் அதன் மேலாக இன்னோர் அம்பை எய்வர். இவ்வாறு நாள் முழுவதும் நேர்வழி தவறாது நடந்தனர். மரமும் மலையும் இல்லாத வெளியில் தாமே ஓர் அடையாளத்தை முன்னே எறிந்து அதனை நோக்கி நடக்கும் இம்முறை, அந்நிலத்தின் இயல்பைத் தலைமுறை தலைமுறையாக உணர்ந்தோர்க்கன்றி வாய்த்தற்கரியது. கொறோனாடோ முப்பது குதிரைவீரரோடு இன்றைய கன்சாஸ் வரை சென்றார். பொன் கிடைக்கவில்லை; புல்வீடுகளிலே சோளம் பயிரிட்டு வாழ்ந்த மக்களே கிடைத்தனர். பொன்னாசை காட்டி அழைத்துச் சென்ற வழிகாட்டியைக் கழுத்து நெரித்துக் கொன்றுவிட்டு ஸ்பானியர் திரும்பினர்.

அக்காலத்துப் பிரேரி மக்களிடம் குதிரை இருக்கவில்லை. திரைப்படங்கள் வாயிலாக அவர்களைக் குதிரையினின்றும் பிரித்தறியாத நமக்கு இது புதுமையாகத் தோன்றலாம். கூடாரத்தையும் அதன் கழிகளையும் நாய்களே இழுத்துச் சென்றன. இரு கழிகளை நாயின் தோளிற் பூட்டி, அவற்றின் மறுமுனைகள் நிலத்தில் இழுபட, நடுவிலே சுமையைக் கட்டுவர். சுமை ஒருபுறம் சரிந்தால் நாய் ஊளையிட்டுச் சீர்செய்யுமாறு அழைத்தது என்னும் சிறு விவரத்தையும் கஸ்டஞெடா குறிக்கத் தவறவில்லை. குதிரை வந்து சேர்ந்தபோது அதற்குப் பெயரிட்ட முறை இவ்வரலாற்றை மொழியிலே பதித்து வைத்துள்ளது. லக்கோட்டா மொழியிற் குதிரைக்குரிய சொல் 'புனித நாய்' என்னும் பொருளது. பிளாக்ஃபுட் மொழிச் சொல்லோ 'கடமை நாய்' என்னும் கருத்துடையது. 1680 இல் நியூ மெக்சிக்கோவின் புவேப்ளோ மக்கள் ஸ்பானியருக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தபின்னரே குதிரைகள் வடக்கே பரவின என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2023 இல் வெளியான எலும்பாய்வுகள், பதினேழாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அவை வடபுலத்துக் குடிகளிடம் இருந்தமையைக் காட்டியுள்ளன. குடியேறியோர் எழுதிவைத்த ஆவணங்களை மாத்திரம் நம்பிக் காலவரையறை செய்தலின் இடர்ப்பாட்டுக்கு இது தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

நடந்தோரின் தொகையை நோக்கின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியே முதன்மை பெறுகின்றது. மிசூரி மாநிலத்திலிருந்து பசுபிக் கரையோர ஒறிகன் வரை ஏறத்தாழ 2,000 மைல் நீண்ட வழியிலும் அதன் கிளைகளிலும், 1840 களிலிருந்து 1869 இல் கண்டங்கடந்த இருப்புப்பாதை நிறைவுறும் வரை மூன்று முதல் நான்கு இலட்சம் மக்கள் மேற்கே சென்றனர் என்பர். ஓவியங்களில் அவர்கள் வண்டியிலமர்ந்து செல்வதைக் காண்கின்றோம். உண்மையில் அவ்வண்டிகளுக்கு வில்லமைப்பு இல்லை. ஆறு மாத உணவும் தளபாடமும் ஏற்றியபின் இடமும் இல்லை. எருதுகளை ஓட்டுவோரும் அவற்றின் அருகே நடந்தே ஓட்டினர். நோயாளரும் குழந்தைகளும் ஒழிந்த ஏனையோர் நாளொன்றுக்குப் பதினைந்து மைல் வீதம் நடந்தனர். விறகில்லாத வெளியில் உலர்ந்த காட்டெருதுச் சாணமே எரிபொருளாயிற்று. அதைப் பொறுக்குவது பெரும்பாலும் பெண்களினதும் சிறுவரினதும் வேலை.

வழியில் அவர்களைக் கொன்றது யாது? பழங்குடியினரின் அம்பு என்பதே பரவலான எண்ணம். ஜோன் உன்றூ என்னும் வரலாற்றாசிரியர் 1979 இல் வெளியான தமது நூலில் 1840 முதல் 1860 வரையான சான்றுகளைத் தொகுத்து, பழங்குடியினராற் கொல்லப்பட்ட பயணிகள் 362 பேர் எனவும், பயணிகளாற் கொல்லப்பட்ட பழங்குடியினர் 426 பேர் எனவும் கணக்கிட்டார். கொள்ளைநோயாகிய வாந்திபேதி அழித்த உயிர்களின் முன் இவ்விரு எண்களும் சிறியன. 1849 முதல் 1852 வரை பிளாற் ஆற்றங்கரை முழுவதும் புதைகுழிகள் நிறைந்தன. ஓநாய்கள் தோண்டாதிருக்க வழியின் நடுவே புதைத்து, மேலே வண்டிகளை ஓட்டித் தடத்தை மறைத்தனர். மாண்டோரின் மீது நடந்தே மீந்தோர் மேற்கே சென்றனர். அந்நோயே அயலிலிருந்த பழங்குடிகளையும் தொற்றி அவர்களிடையே பேரழிவை விளைவித்தது. அவர்களுடைய புதைகுழிகளை எண்ணியோர் மிகச் சிலரே.

வண்டி வாங்கவும் வசதியற்ற ஏழைகள் வேறொரு முறையைக் கைக்கொண்டனர். 1856 முதல் 1860 வரை, இங்கிலாந்து, ஸ்கண்டிநேவியா முதலிய நாடுகளிலிருந்து வந்த மோர்மன் சமயத்தார் ஏறத்தாழ மூவாயிரவர், கைவண்டிகளைத் தாமே இழுத்துக்கொண்டு அயோவாவிலிருந்து சால்ற் லேக் நகரம் வரை நடந்தனர். 1856 இற் காலந்தாழ்த்திப் புறப்பட்ட இரு குழுவினர் ஒக்டோபர் மாதப் பனியில் அகப்பட, இருநூறு பேருக்கு மேல் மடிந்தனர். குடியேறியோர் அனைவரையும் ஒரே தட்டில் வைத்து ஆக்கிரமிப்பாளர் என ஒதுக்கிவிடுதல் எளிது. பனியிற் கைவண்டி இழுத்த டேனியத் தொழிலாளியையும் அவ்வாறு ஒதுக்குதல் ஆய்வுக்கு அழகன்று. அவர்களை நடக்கத் தூண்டிய வறுமை வேறு. அவர்கள் நடந்த வழியால் இலாபமீட்டிய மூலதனம் வேறு.

அம்மூலதனத்தின் கை மிகத் தெளிவாகத் தெரிவது காட்டெருதின் கதையிலாகும். பிரேரியில் முப்பது மில்லியனோ அதற்கும் மேலோ காட்டெருதுகள் ஒருகாலத்தில் மேய்ந்தன. 1870 களின் தொடக்கத்தில் அவற்றின் தோலைப் பதனிட்டு, ஆலைகளின் இயந்திரங்களை இயக்கும் வார்ப்பட்டைகளாக்கும் நுட்பம் கைவந்தது. 1872 இல் இருப்புப்பாதை கன்சாஸின் டொட்ஜ் நகரை எட்டியது. சந்தையும் போக்குவரத்தும் ஒருங்கே கூடியபின் சில ஆண்டுகளே போதுமாயிருந்தன: தென்மந்தை 1878 அளவிலும் வடமந்தை 1883 அளவிலும் ஒழிந்தன. 1889 இல் வில்லியம் ஹோர்ணடே எடுத்த கணக்கில், வட அமெரிக்கா முழுவதிலும் எஞ்சியிருந்தவை ஆயிரத்துச் சொச்சம். அதன்பின் வறியோர் வெளியெங்கும் நடந்து வெளுத்த எலும்புகளைப் பொறுக்கி விற்றனர். அவை பசளையாயின, சீனியைத் தூய்மையாக்கும் கரியுமாயின. வேட்டைக்காரர் வருமுன்னரே வறட்சியாலும், குதிரை மந்தைகளின் மேய்ச்சற் போட்டியாலும், பழங்குடிகளும் பங்குகொண்ட தோல் வணிகத்தாலும் காட்டெருது குறையத் தொடங்கிவிட்டது என டான் புளோறஸ் முதலிய அண்மைக்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். இது ஏற்கத்தக்கதே. எனினும் குறைதல் வேறு, பத்தாண்டில் துடைத்தழித்தல் வேறு.

ஏனைய உயிர்களின் கதையும் ஏறத்தாழ இதுவே. பெயரில் நாயாயினும் அணிலினத்தைச் சேர்ந்த பிரேரி நாய், வளை தோண்டி ஊர் ஊராக வாழ்வது. 1804 செப்ரெம்பரில் லூயிஸ், கிளார்க் குழுவினர் நாள் முழுவதும் வளைக்குள் நீரூற்றி ஒன்றை உயிரோடு பிடித்தனர். பின்னர் ஜனாதிபதி ஜெபர்சனுக்கு உயிருடன் அனுப்பிவைக்கப்பட்ட விலங்குகளில் பிரேரி நாயும் ஒன்று. பண்ணையாளர் நஞ்சிட்டு அவ்வூர்களை அழித்தபோது அவற்றையே உணவாகக் கொண்ட கருங்கால் மரநாயும் அழிந்ததெனக் கருதப்பட்டது. 1981 இல் வயோமிங்கிற் பண்ணை நாயொன்று ஒரு மரநாயைக் கொன்று கௌவி வந்தமையாலேயே ஒரு சிறு கூட்டம் எஞ்சியிருப்பது தெரியவந்தது. இன்று காணப்படுவன யாவும் அக்கூட்டத்தின் வழிவந்தனவே. விஞ்ஞானிகளுக்கு ஒரு நாய் செய்த உதவி சிறிதன்று.

உயிரினங்கள் நீங்கிய நிலம் கோடுகளால் நிறைந்தது. 1785 ஆம் ஆண்டு நிலக்கட்டளைச்சட்டப்படி நிலம் ஒரு சதுரமைல் கொண்ட கட்டங்களாக அளக்கப்பட்டது. 1862 ஆம் ஆண்டு குடியிருப்பு நிலச்சட்டம் அக்கட்டத்தின் காற்பங்காகிய 160 ஏக்கரை ஐந்தாண்டு குடியிருந்து பயிரிடுவோர்க்கு வழங்கியது. மரமற்ற நாட்டில் வேலியடைத்தல் அரிதாயிருந்த குறையை 1874 இல் ஜோசப் கிளிடன் உரிமம் பெற்ற முட்கம்பி தீர்த்துவைத்தது. கால் சென்ற திசையெல்லாம் வழியாயிருந்த வெளியில், வழி வேறு நிலம் வேறு என்னும் பிரிவினை இவ்வாறே தோன்றியது.

இப்பிரிவினையின் முழுப்பொருளையும் அறிய நெபிராஸ்காவின் பொன்கா மக்களின் நடைகளை நோக்குதல் வேண்டும். நியோபிறாறா ஆறு மிசூரியோடு கலக்குமிடத்திற் சோளம் பயிரிட்டு வாழ்ந்த சிறு குடியினர் இவர்கள். அமெரிக்க அரசோடு ஒருபோதும் போரிடாதவர்கள். 1858 இலும் 1865 இலும் செய்த உடன்படிக்கைகள் அவர்களுடைய நிலத்தை உறுதிசெய்திருந்தன. 1868 இல் லக்கோட்டா மக்களோடு லராமிக் கோட்டையில் உடன்படிக்கை செய்த அதிகாரிகள், கவனக்குறைவினாற் பொன்காவின் நிலத்தையும் அவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டனர். தவறு அரசினது, அதனைத் திருத்துதற்கு அரசு கண்ட வழியோ பொன்கா மக்களைப் பெயர்த்துத் தெற்கேயுள்ள 'இந்தியப் பிரதேசத்திற்கு', அதாவது இன்றைய ஒக்லகோமாவுக்கு, அனுப்புவதாயிற்று.

1877 இன் தொடக்கத்தில், நிலத்தைப் பார்வையிடவெனப் பத்துத் தலைவர்கள் அங்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் அந்நிலத்தை ஏற்க மறுத்தனர். ஊர் திரும்ப உதவுமாறு கேட்டபோது அழைத்துச் சென்ற அதிகாரி மறுத்தார். முதுமையால் நடக்கவியலாத இருவர் ஒழிய எண்மரும் நடுக்குளிர்காலத்தில், கையிற் சில்லறையோடும் போர்வையோடும், ஏறத்தாழ ஐந்நூறு மைல் வடக்கே நடந்தனர். வயலில் எஞ்சிய பச்சைச் சோளமே வழியுணவு. இடைவழியில் ஒற்றோ மக்களின் முகவர் நிலையத்தை அடைந்தபோது அவர்களுடைய பாதங்களின் இரத்தம் அலுவலகத் தரையிற் பதிந்தது எனக் கூறப்படுகின்றது.

நடந்து வந்து மறுப்புக் கூறியும் பயனில்லை. அவ்வாண்டு மே மாதம் படையினரின் காவலோடு மக்கள் தெற்கே நடத்தப்பட்டனர். கூடச் சென்ற அரச முகவர் ஹவார்ட் எழுதிய நாட்குறிப்பு, மழையையும் சேற்றையும் பெருகிய ஆறுகளையும், இடையிடையே சாவையும் பதிவு செய்கின்றது. நெலி என்னும் சிற்றூரருகே ஒன்றரை வயதுக் குழந்தையொன்று இறந்தது. வெள்ளைக் காட்டெருதுச் சிறுமி என்பது அதன் பெயர். தந்தை, தாம் இனி இவ்வழி வர முடியாதென்று கூறி, தம் மக்களின் புதைகுழிகளைப் பேணுவதுபோல இதனையும் பேணுமாறு ஊராரை வேண்டினார். மில்போட் அருகே தலைவர்களில் ஒருவரான நிற்கும் கரடியின் மகள் பிரேரிமலர் காசநோயால் இறந்தாள். அவ்வூர்ப் பெண்கள் அடக்கத்துக்கு உதவினர். மறுநாட் சூறாவளி பாளையத்தைத் தூக்கியெறிந்தது. யூலையிற் போய்ச் சேர்ந்தபோது அங்கே வீடில்லை, மலேரியா இருந்தது. குளிர்நிலத்து மக்களை வெப்பநிலத்துக்குக் கொணர்ந்தமையாற் பெருஞ்சாவு நேரும் என ஹவார்ட் தாமே அரசுக்கு எழுதினார். அவ்வாறே நேர்ந்தது, ஈராண்டிற்குள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

1878 டிசம்பரில் நிற்கும் கரடியின் மகன் நோயுற்று இறந்தான். தன் எலும்பு நியோபிறாறாக் கரையில் முன்னோரோடு கிடக்கவேண்டும் என்பது அவனுடைய இறுதி வேண்டுகோள். 1879 ஜனவரி 2 ஆம் நாள், உடலை வண்டியிலேற்றிக்கொண்டு, ஏறக்குறைய முப்பது பேர் அனுமதியின்றி வடக்கு நோக்கிப் புறப்பட்டனர். அதே கிழமையில், இதேபோன்று இந்தியப் பிரதேசத்தினின்றும் வடக்கே நடந்துவந்து நெபிராஸ்காவின் றொபின்சன் கோட்டையிற் சிறைவைக்கப்பட்ட வட செயேன் மக்கள், உணவும் விறகும் மறுக்கப்பட்டதால் ஜனவரி 9 இரவு தப்பியோட, அறுபதுக்கு மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஊர் திரும்புதல் எத்தகைய குற்றமாகக் கருதப்பட்டது என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

பனியில் ஒன்பது கிழமை நடந்து, மார்ச் மாதத் தொடக்கத்தில் உறவினரான ஒமாகா மக்களிடம் பொன்காக்கள் வந்து சேர்ந்தனர். அங்கே ஜெனரல் ஜோர்ஜ் குரூக்கின் படையினர் அவர்களைக் கைது செய்தனர். ஆணையை நிறைவேற்றிய குரூக்குக்கே அதில் மனமொப்பவில்லை. ஒமாகா நகரப் பத்திரிகையாளர் தோமஸ் திபில்ஸ் செய்தியைப் பரப்ப, வெப்ஸ்ரர், பொப்பில்ற்றன் என்னும் இரு சட்டத்தரணிகள் ஊதியமின்றி வாதாட முன்வந்தனர். ஆட்கொணர்வு எழுத்தாணை கோரிய மனு, நீதிபதி எல்மர் டண்டி முன்னிலையில் மே 1, 2 ஆம் நாட்களில் விசாரிக்கப்பட்டது. அரச தரப்பின் வாதம் எளியது: எழுத்தாணை கோரும் உரிமை சட்டத்தின் முன் 'ஆள்' எனப்படுவோர்க்கே உண்டு, இந்தியர் ஆளல்லர். முடிவில் நிற்கும் கரடி எழுந்து கையை நீட்டி, இக்கையின் நிறம் உங்கள் கையின் நிறமன்றாயினும் குத்தினால் நோகும், வருவதும் ஒரே நிறக் குருதிதான் என்னும் கருத்துப்படப் பேசினார். அவ்வுரை திபில்ஸின் எழுத்து வாயிலாகவே நமக்குக் கிடைப்பதாதலின், சொற்களெல்லாம் அவருடையவையே எனக் கொள்ளுதல் இயலாது. கருத்து அவருடையது என்பதில் ஐயமில்லை.

மே 12 இல் தீர்ப்பு வெளியாயிற்று. இந்தியர் சட்டத்தின் பொருளில் ஆளே. அமைதிக்காலத்தில் அவரை வலிந்து இழுத்துச் செல்லப் படையினருக்கு அதிகாரமில்லை. இத்தீர்ப்பு போற்றப்படுவது முறையே. எனினும் அதன் எல்லையும் நோக்கற்பாலது. நிற்கும் கரடியும் கூட வந்தோரும் தம் குடியினின்றும் பிரிந்துவிட்டனர் என்னும் அடிப்படையிலேயே விடுதலை வழங்கப்பட்டது. தன் ஊருக்கு நடக்கும் உரிமையைப் பெறுதற்குத் தன் சமூகத்தைக் கைவிட்டதாகக் கூறவேண்டியிருந்தமை இவ்வெற்றியின் விலையாகும். அதே ஆண்டு ஒக்டோபரில், தெற்கிலிருந்த அவருடைய சகோதரர் பெரும்பாம்பு, அனுமதியின்றி வெளியே சென்றமையை அடுத்துக் கைதுசெய்யப்பட்டபோது சுட்டுக்கொல்லப்பட்டார். 1884 இல், அதே சட்டத்தரணிகள் வாதாடிய இன்னொரு வழக்கில், பழங்குடியிற் பிறந்தவர் குடியைவிட்டு நீங்கினாலும் குடியுரிமை பெறார் என உயர் நீதிமன்றம் தீர்த்தது. எல்லாப் பழங்குடியினருக்கும் குடியுரிமை 1924 இலேயே வந்தது.

மகனின் எலும்பை நியோபிறாறாக் கரையில் அடக்கஞ்செய்த நிற்கும் கரடி, 1908 இல் அங்கேயே இறந்தார். வடபொன்காக்களைத் தனிக் குடியாக அங்கீகரித்தலை 1962 ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது; 1990 இல் அது மீளளிக்கப்பட்டது. 2019 இல் வாஷிங்ரன் நாடாளுமன்றக் கட்டடத்தில் நெபிராஸ்காவின் சார்பில் அவருடைய சிலை நிறுவப்பட்டது.

இன்று நெடுந்தூர நடையை விரும்புவோர் பிரேரியையும் நாடுகின்றனர். வட டக்கோட்டாவில் மண்டான் மொழிப்பெயர் தாங்கிய மா-டா-ஹே வழி 144 மைல் நீள்கின்றது. கன்சாஸின் பிளின்ற் குன்றுகளிற் கல் மிகுந்து கலப்பை புகாமையாற் தப்பிய உயர்புல்லைக் காணலாம். அவ்வினப் புல்வெளியில் நூற்றுக்கு நான்கு பங்குக்குங் குறைவே இன்று எஞ்சியுள்ளது. சஸ்கச்சுவானின் புல்வெளித் தேசியப் பூங்காவிற் காட்டெருது 2005 இல் மீளக் கொணரப்பட்டது. இவற்றுக்கு வெளியே நடப்போர் பெரும்பாலும் பழைய சதுரமைற் கோடுகளின் மீதமைந்த நேர்வீதிகளிலேயே நடக்கவேண்டும், இருமருங்கும் முட்கம்பி. நெபிராஸ்காவின் பியாற்றிஸ் நகருக்குத் தெற்கே, கைவிடப்பட்ட இருப்புப்பாதைத் தடமொன்று நிற்கும் கரடியின் பெயரால் நடைவழியாக்கப்பட்டுள்ளது.

ஒறிகன் வழியின் வண்டிச் சில்லுகள் வயோமிங்கின் கேர்ண்சி அருகே மணற்பாறையை ஐந்து அடி ஆழம்வரை அறுத்துச் சென்றுள்ளன. உல்லாசப் பயணிகள் சென்று பார்க்கின்றனர். பொன்காக்கள் நடந்த வழியிலோ அத்தகைய தடமெதுவுமில்லை. நெலி ஊர்ச் சேமக்காலையில் அக்குழந்தையின் கல்லறை உள்ளது. ஊரார் இன்றும் அதனைத் துப்புரவாக்கி மலர் வைத்து வருகின்றனர்.